ஒரு சதவீதம் பெரிய நாற்காலி

முதலில் வலது ஓரத்து நாற்காலி. சொட்டுக்குழாயிலிருந்து ஒரு துளி அயோடின் அதன் காலில், தங்கத்தைச் சுரண்டியிருந்த இடத்தில் விழுந்தது. பழுப்புத் துளி ஐந்து விநாடி யோசித்தது. பிறகு பேனா மை கொட்டியதுபோல் நீலமாயிற்று.

ராமசுப்ரமணியன் அசையவில்லை. என்ன சோதனையாக இருந்தாலும் அந்த நாற்காலி தோற்கும் என்று அவருக்குத் தெரியும். அதைச் செய்தவரே அவர்தான்.

இரண்டாவது நாற்காலி. அதிலும் நீலம். அதையும் செய்தவர் அவர்தான்.

மூன்றாவதில் துளி விழுந்தபோது அவர் நிம்மதியாக மூச்சை விட்டார். இது அசல். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் வோக்ளேர் என்ற தச்சன் தன் கையால் செதுக்கியது. இது பிழைத்துக்கொள்ளும்.

ஐந்து விநாடி. நீலம்.

நான்காவது, அதுவும் அசல். அதுவும் நீலம்.

 ராமசுப்ரமணியன் காலை ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார். வயது ஐம்பத்துநாலு. பக்கத்திலிருந்த வேலை மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நாலும் ஒரே கதைதான்" என்றாள் மதாம் ஃபெரான். எழுபது வயது, கறுப்புக் கோட்டு, குருவி எடை. பழைய பிரெஞ்சு மரச்சாமான்களைச் சோதித்துச் சொல்வதற்கென்றே நியூயார்க்கிலிருந்து வரவழைக்கப்பட்டவள். ஹூஸ்டனில் ஒரு மியூசியம் இந்த நாலு தங்க நாற்காலிகளையும் வாங்கக் காத்திருந்தது. இவள் சரி என்றால் வாங்கும். இல்லை என்றால் இல்லை. "அந்தக் காலத்து பிரெஞ்சுக்காரன் முயல் தோலைக் காய்ச்சின வஜ்ஜிரப் பசைலதான் வெள்ளைப்பூச்சு குழைப்பான். அதுக்கு மேலதான் தங்க ரேக், அந்த மெல்லிசுத் தங்கத் தகடு. தோல் வஜ்ஜிரத்துல அயோடின் பழுப்பாவே நிக்கும். நீலமாச்சுன்னா உள்ள இருக்கறது ஏதோ மாவுப் பசை. எந்த பிரெஞ்சுத் தச்சனும் மாவுப் பசை போட்டதில்ல."

பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். ஆனால் "மாவுப் பசை" என்று அவள் சொன்ன தினுசில் ராமசுப்ரமணியனுக்குப் புளியங்கொட்டை வாசனையே அடித்தது.

லென்னி க்ராஸ் அணைந்த சுருட்டை வாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளினார். நியூ ஜெர்சியின் ஆற்றோர ஊர் ஒன்றில் பழைய சாமான் வியாபாரம். குதிரை லாயமாக இருந்த கட்டடம்தான் பட்டறை. ராமசுப்ரமணியனின் முதலாளி. அதற்கும் மேலே, கிரீன் கார்டுக்கு ஸ்பான்ஸர்.

அந்த கிரீன் கார்டில்தான் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. ஏப்ரல் பதினாலாம் தேதி நியூவர்க் ஆபீஸில் இன்டர்வியூ. "இந்த ஆள் எனக்குத் தேவை" என்று லென்னி கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு போக வேண்டும். மெட்ராஸ் ஹாஸ்டலில் இருக்கும் ஒரே பெண் ஜலஜாவுக்கு ஜூன் இரண்டாம் தேதி இருபத்தொரு வயது முடிகிறது. அதற்கு முன்னால் கார்டு வந்தால் அப்பா அம்மாவோடு சேர்த்து அவளுக்கும் உண்டு. ஒரு நாள் பிந்தினாலும் அவள் தனி வரிசை. எத்தனை வருஷம் என்று வக்கீலாலேயே சொல்ல முடியவில்லை. பெண்ணைப் பிரிந்து ஏற்கெனவே ஏழு வருஷம் ஆகிவிட்டது.

இன்றைக்கு மார்ச் பத்தொன்பது, 1986.

ராமசுப்ரமணியன் பிறவித் தச்சர் அல்ல. கோயம்புத்தூரில் ஃபவுண்டரி பேட்டர்ன் மேக்கர். இரும்பில் வார்க்க வேண்டிய பொருளை முதலில் மரத்தில் அச்சு அசலாகச் செய்து கொடுக்கிற ஆள். எழுபத்தொன்பதில் இங்கே ஒரு ஃபவுண்டரிக்கு வந்தார். எண்பத்துமூன்றில் ஃபவுண்டரி மூடிக்கொண்டது. விசா முடிய ஆறு வாரம் இருக்கும்போது லென்னி கிடைத்தார்.

"என்கிட்ட ரெண்டு நாற்காலி இருக்கு ராம். அதே மாதிரி இன்னும் ரெண்டு வேணும். ஒரு ஹோட்டலுக்கு. காப்பிதான்."

பதினாலு மாசம். இரண்டு அசலையும் முன்னால் வைத்துக்கொண்டு, உடைந்த பழைய கட்டில்களின் மரத்தை வெட்டி, ஒவ்வொரு இலையாக, ஒவ்வொரு பூவாக. பதினாலு மாசமும் அவருக்கு ஒரே கூட்டாளி வோக்ளேர்தான். அந்த மனுஷன் எங்கே உளியை மாற்றியிருக்கிறான், எங்கே மூச்சுப் பிடித்து இழுத்திருக்கிறான் எல்லாம் விரலுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு அசல் நாற்காலியின் வலது கைப்பிடிக்கு அடியில் ஒரு இலை நுனி உடைந்து, நகத்துண்டு அளவு மரச்சில் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும். உளி நழுவிய அன்றைக்கு வோக்ளேர் என்ன கெட்ட வார்த்தை சொல்லியிருப்பான் என்று ராமசுப்ரமணியன் பல தடவை யோசித்திருக்கிறார்.

பிறகு ஒரு நாள் லென்னி ஒரு இரும்பு முத்திரை செய்யச் சொன்னார். அசல் நாற்காலிகளின் சட்டத்துக்கு அடியில் இருக்கிற வோக்ளேரின் பெயர் முத்திரை, அதே மாதிரி. ராமசுப்ரமணியன் செய்து கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். ஹோட்டல் பேச்சு அதோடு நின்றுபோயிற்று. நாலும் ஒரே செட் என்று ஹூஸ்டனுக்குக் கடிதம் போயிற்று.

நாலும் ஒன்றுபோல் மின்ன வேண்டும் என்று அசல்களுக்கும் பூச்சைச் சுரண்டிப் புதிதாகத் தங்கம் ஏற்றச் சொன்னார் லென்னி. அங்கேதான் வந்தது வினை.

முயல் வஜ்ஜிரம் டப்பாவோடு ராமசுப்ரமணியன் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மெண்டுக்குப் போன சாயங்காலம் அது. பட்டறையில் அடுப்பு கெட்டுப்போயிருந்தது. வீட்டில் காய்ச்சலாம் என்று நினைத்தார்.

மனைவி விசாலாக்ஷி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "என்னது இது?"

"பசை."

"எதுல செஞ்ச பசை?"

"முயல் தோலு."

"என் அடுப்புல முயலைக் காய்ச்சப் போறீங்களா? நாளைக்குக் கிருத்திகை."

"சாப்பிடவா போறோம் விசாலம்? நாற்காலிக்குத்தானே!"

"நாற்காலி என்ன, சிம்மாசனத்துக்கே ஆனாலும் இந்த டப்பாவை வெளில வச்சிட்டு உள்ள வாங்க. எங்க ஊர்ல பெருமாளுக்கே புளியங்கொட்டைப் பசைலதான் தங்கம் ஒட்டறாங்க. முந்நூறு வருஷமா ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க பிரெஞ்சுக்காரனுக்கு ஒட்டாதா?"

அவள் தஞ்சாவூர்க்காரி. தங்க ரேக் ஒட்டிப் படம் போடுவதில் கைதேர்ந்தவள். சாம்பாருக்குப் புளி கரைத்த கொட்டைகளை ஒரு மாசமாகச் சேர்த்து வைத்திருந்தாள். வறுத்து, தோல் நீக்கி, பொடித்துக் காய்ச்சினாள். சுண்ணாம்புப் பொடியில் அதைக் குழைத்து அவரிடம் கொடுத்தாள். வஜ்ஜிரத்தைவிட அழகாகத்தான் படிந்தது. நாலு நாற்காலிக்கும் அதேதான். லென்னி கேட்டபோது, "ஆமா, முயல்தான்" என்று ஒரு பொய். டப்பா இன்னும் காரின் பின்னால் கிடக்கிறது.

"ராம், இங்க வா!"

லென்னி அவரைப் பட்டறையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது.

"என்னையே ஏமாத்திட்டாங்க ராம்! நீ போட்டது முயல் பசை, அப்ப நீலம் அடிமரத்துல ஊறின பழைய பசைலேர்ந்துதான் வரணும்; உன் ரெண்டு கட்டில் மரம், சரி. நான் அசல்னு வாங்கின ரெண்டும் டூப்ளிகேட்டாம். முப்பத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். நாலையும் கல்யாண மண்டபக்காரனுக்குத் தள்ளிடறேன். வெள்ளை பெயிண்ட் அடிச்சுப் பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வச்சுக்கட்டும்."

வோக்ளேரின் இலைகள் மேல் வெள்ளை பெயிண்ட்.  சும்மா இருந்தால் ராமசுப்ரமணியனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கடிதம் கிடைக்கும், கார்டு கிடைக்கும். பெயிண்ட் வோக்ளேருக்குத்தானே?

"லென்னி, உங்க ரெண்டும் அசல்தான்."

"கிழவி நீலம்ங்கறாளே?"

"முயல் பசை நான் போடவே இல்ல. வீட்டுல அனுமதி இல்ல. புளி… ஒரு விதைலேர்ந்து காய்ச்சின பசை. நாலுக்கும் அதான்."

லென்னி சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.  பிறகு இரும ஆரம்பித்தார். அது சிரிப்பு என்று புரிய நேரமாயிற்று.

"உன் பொண்டாட்டி என்னைக் கொன்னுட்டா, ராம்! உயிர் கொடுத்ததும் அவதான்." சட்டென்று குரல் தாழ்ந்தது. "கேளு. கிழவியை ஸ்டேஷன்ல நீதானே விடப்போற? போற வழில பசை விஷயத்தை மட்டும் சொல்லு. ரிப்பேருக்கு நாலுக்கும் நான்தான் புதுப் பூச்சு போட்டேன், தெரியாத்தனமா விதைப் பசை போட்டுட்டேன்னு. அவ்வளவுதான். நீலத்துக்குக் காரணம் கிடைச்சாச்சு, நாலும் அசலாயிடும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வேணாம். உன் லெட்டரை நாளைக்குக் காலைல கையெழுத்துப் போட்டு வைக்கறேன்."

தோளைத் தட்டினார். அந்தக் கை கனத்தது.

திரும்பி வந்தபோது மதாம் ஃபெரான் தரையில் மண்டியிட்டு டேப் வைத்து அளந்துகொண்டிருந்தாள். நோட்டுப் புத்தகத்தில் நாலு பத்தியாக எண்கள்.

"விசித்திரமா இருக்கு மிஸ்டர் க்ராஸ். இந்த ரெண்டும் அந்த ரெண்டை விடப் பெரிசு."

"கைவேலை மேடம். முன்ன பின்ன இருக்கும்."

"முன்ன பின்ன இருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்? உயரம், அகலம், காலோட தடிமன், எதை எடுத்தாலும் சரியா நூத்துக்கு ஒண்ணு கூட. கை இப்படித் தப்பாது."

ராமசுப்ரமணியனின் வலது கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே ஒரு அடி நீள எஃகு ஸ்கேல், முப்பது வருஷப் பழக்கம், எப்போதும்போல் குத்திக்கொண்டு நின்றது. அடுத்த கணம் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. 

பேட்டர்ன் மேக்கரின் ஸ்கேல் மற்றவர்களின் ஸ்கேல் அல்ல. காய்ச்சி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதற்கு ஈடுகட்ட மர அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட யாருக்கு நேரம்? அதனால் ஸ்கேலையே பெரிதாக அடித்துவிடுவார்கள். அதில் ஒரு அடி என்றால், உலகத்தில் ஒரு அடியும் எட்டில் ஒரு பங்கு இன்ச்சும். நூற்றுக்கு ஒன்று.

முதல் நாள் லென்னியின் டேப்பால் அசலை அளந்து தாளில் எழுதிக்கொண்டார். மறுநாளிலிருந்து பையிலிருந்த ஸ்கேலை வைத்து மரத்தை வெட்டினார். பதினாலு மாசமும். எல்லாம் சேர்ந்து ஒரே அளவாகப் பெரிதானதால் பொருத்தில் இடிக்கவில்லை. கண்ணுக்கும் தெரியவில்லை. எத்தனை அயர்ச்சியில் வேலை செய்திருக்கிறார்! நாற்காலிக்கு உருகவும் வேண்டாம், ஆறவும் வேண்டாம் என்று ஒரு நாள் கூடத் தோன்றவில்லை.

நாலரை மணி ரயிலுக்கு மூன்றரைக்கே கிளம்பினார்கள். டாட்சன் காரின் ஹீட்டர் கனைத்துக்கொண்டே வந்தது. ரூட் ஒன்னில் லாரிகளின் பின்னால் ஊர்ந்தார்கள். பசையைச் சொல்லு, சொல்லு என்று உள்ளே ஒரு குரல். ஒவ்வொரு சிக்னலிலும் வாயைத் திறந்தார். ஒவ்வொரு சிக்னலும் பச்சையாகிவிட்டது.

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஒரு மணி நேரம் லேட் என்றார்கள். பிளாட்பாரத்தில் குளிர்காற்று. மதாம் ஃபெரானின் உதடு நீலம் பாரித்தது. அயோடின் இல்லாமலே.

"வீடு அஞ்சு நிமிஷம்தான் மேடம். ஒரு காபி சாப்பிட்டு வரலாம்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வந்தவளைக் காபி கொடுக்காமல் அனுப்பத் தெரியாத ஜாதி.

விசாலாக்ஷி கதவைத் திறந்தாள். கம்பளிச் சட்டைக்குக் கீழே புடவை, காலில் சாக்ஸ். "வாங்க மேடம், கம், கம், உட்காருங்க" என்று மூன்று பாஷையில் வரவேற்றாள். மூன்றாவது பாஷை சிரிப்பு. டிகாக்ஷன் தயாராக இருந்தது. டம்ளரும் டபராவும் வந்தன.

மதாம் காபியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தாள். வெண்ணெய்க் கிருஷ்ணன். கல் பதித்து, தங்கம் மினுங்க, இரண்டடிக்கு மூன்றடி.

"யார் செய்தது?"

"நான்தான் மேடம். மை ஓன் ஹேண்ட்."

மதாம் எழுந்து போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றாள். "தங்கத்துக்கு அடியில் என்ன?"

ராமசுப்ரமணியன் தொண்டையைக் கனைத்தார். விசாலாக்ஷிக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஏழு வருஷத்தில் அந்தப் படத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. சமையலறைக்கு ஓடினாள். ஒரு பாட்டிலோடு வந்தாள்.

"டாமரிண்ட் சீட், மேடம். புளியங்கொட்டை. ரோஸ்ட் பண்ணி, பவுடர் பண்ணி, பாயில் பண்ணணும். நோ ராபிட்! இவர் முயலைக் கொண்டுவந்தார், நான் விடல. வெஜிடேரியன் கோல்டு. உங்க நாலு சேருக்கும் என் பசைதான். சூப்பரா நிக்குதில்ல?"

மதாம் ஃபெரான் கைப்பையைத் திறந்தாள். பாட்டில் மூடியில் ஒட்டியிருந்த பசையில் ஒரு துளி அயோடின் விட்டாள். ஐந்து விநாடி.

"ஐயோ, நீலமாப் போச்சே! கெட்டுப்போச்சாங்க?" என்றாள் விசாலாக்ஷி புருஷனிடம்.

மதாம் மெதுவாக உட்கார்ந்தாள். அந்தச் சின்ன முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "நான் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பண்ணப் பார்த்தேன், மிஸ்டர் ராம்! பூச்சுதான் புதுசு. நாற்காலி பழசு. நாலு வோக்ளேரையும் குப்பைல போட்டிருப்பேன்."

லென்னி கேட்டது நடந்துவிட்டது. அதற்கு ராமசுப்ரமணியன் வாயைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு அவளை ரயில் ஏற்றிவிட்டால் முடிந்தது. நாளைக் காலை கடிதம். ஏப்ரல் பதினாலு. ஜூனுக்கு முன்னால் ஜலஜா. அவர் டம்ளரை எடுத்தார்.  

"அந்த ஒரு சதவீதம்தான் பாக்கி" என்றாள் மதாம். நோட்டைப் புரட்டினாள். "ஆனா அதுக்கும் காரணம் தோணிடுச்சு. வோக்ளேருக்குக் கடைசிக் காலத்துல கண்ணு மங்கிப்போச்சு, குடிச்சிட்டு வேலை பார்த்தார்னு ஒரு பேச்சு உண்டு. இதுவரைக்கும் ஆதாரம் இல்ல. இப்ப இருக்கு. சின்ன ரெண்டும் நல்ல நாள்ல செஞ்சது. பெரிய ரெண்டுல அளவு தப்பிடுச்சு. ஏதோ தப்பான கோலை வச்சு அளந்திருக்கார் பாவம். அதைத்தான் எழுதப் போறேன். புஸ்தகத்துல வரும்."

ராமசுப்ரமணியன் டம்ளரைக் கீழே வைத்தார்.

பெண்ணுக்காக எத்தனையோ விழுங்கியாயிற்று. முத்திரையை விழுங்கினார். ஹோட்டல் கதையை விழுங்கினார். தான் செய்த நாற்காலி இன்னொருத்தன் பேரில் நிற்கப் போவதையும் விழுங்கிக்கொண்டார். பேர் போனால் போகிறது. ஆனால் இது வேறு. ஃபவுண்டரியில் முப்பது வருஷம் ஒரே சட்டம்: வார்ப்பு கெட்டால் எவன் அச்சோ அவன் முன்னால் வந்து நிற்க வேண்டும். தன் தப்பை அடுத்த மேஜைக்காரன் தலையில் கட்டுகிறவனோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். வோக்ளேர் பதினாலு மாசம் அடுத்த மேஜையில் இருந்தவன். செத்தவன், திரும்பப் பேச வாய் இல்லாதவன்.

அதோடு, அலுத்துப்போயிருந்தது. பொய் சொல்வதுகூட இல்லை. பொய்யைத் தூக்கிக்கொண்டு நடப்பது.

சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். மேஜைமேல் கிடந்த மதாமின் டேப்பை ஒரு அடிக்கு இழுத்து, அதன் பக்கத்தில் ஸ்கேலை நேராக வைத்தார். இரண்டிலும் சைபர் ஒன்றாக நின்றது. பன்னிரண்டு ஒன்றாக நிற்கவில்லை.

மதாம் குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிரிப்பு எப்போது போயிற்று என்று தெரியவில்லை.

"அவன் அளவு தப்பல, மேடம்" என்றார் ராமசுப்ரமணியன். "தப்பினது நான். பெரிய ரெண்டும் என்னோடது."

"முத்திரை?"

"அதையும் நான்தான் செஞ்சேன்."

"எதுக்குன்னு தெரியுமா?"

"கேக்கல."

"ஏன்?"

"பெரிசா ஒண்ணும் இல்ல. எனக்கு வேலை வேணும்."

அவள் நோட்டில் ஒரு பக்கத்தை நீளமாக அடித்தாள். புதிதாக எழுதினாள். 

விசாலாக்ஷி மெல்லத் தமிழுக்கு மாறினாள். "என்னங்க சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நெசத்த."

"எந்த நெசத்த?"

"ரெண்டு நான் செஞ்சதுன்னு."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?" அவர் ஸ்கேலை எடுத்துப் பையில் செருகினார். "ஏப்ரல் பதினாலு?"

"அதுவும் போச்சு."

அவள் டபராவையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம். ஒரு டம்ளர் கழுவ அவ்வளவு நேரம் ஆகாது.

ஸ்டேஷனில் ரயில் வெளிச்சம் தெரிந்தபோது மதாம் நோட்டை நீட்டினாள். "உங்க முழுப் பேரை எழுதுங்க. செஞ்சவர் பேர் ரிப்போர்ட்டுல வரணும்."

எழுதினார். அவள் எழுத்துக் கூட்டிப் பார்த்துப் பாதியிலேயே விட்டுவிட்டாள்.

"இதை முத்திரையாப் போட நாற்காலில இடம் பத்தாது, மிஸ்டர் ராம்." பிறகு, "நான் போலீஸ் இல்ல. ஆனா எழுதித்தான் ஆகணும். மிஸ்டர் க்ராஸுக்கு வருத்தமா இருக்கும்" என்றாள்.

"எனக்கும்தான்" என்றார் ராமசுப்ரமணியன்.

லென்னி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. வெள்ளிக்கிழமை காலை பட்டறையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஹூஸ்டன்ல ரெண்டு எடுத்துக்கறாங்களாம். அசல் ரெண்டு. இனிமே நான் எதை வித்தாலும் ரெண்டு தடவை பாப்பாங்க." சுருட்டைப் பார்த்துப் பேசினார். "ஒரே ஒரு வார்த்தை ராம். பசைன்னு சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாமே."

"நிறுத்தத்தான் பார்த்தேன்."

"லெட்டர் கேக்காதே."

"கேக்கல."

"அந்த ரெண்டையும் எடுத்துட்டுப் போயிடு. என் கண்ணுல படக்கூடாது."

டாட்சனுக்குள் ஒரு நாற்காலிதான் நுழைந்தது. இரண்டு நடை அடித்தார். பிளெய்ன்ஸ்பரோ பார்க்கிங்கில் தங்க நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மாடிப்படி ஏறின மனுஷரைப் பார்த்து, எதிர் பிளாட் அமெரிக்கக் குழந்தை "கிங்!" என்றது. இரண்டாவது மாடிக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸுக்கு ஃபோன் கிடைத்தது. வார்டன் கூப்பிட்டு ஜலஜா வர ஒன்றரை நிமிஷம் போயிற்று. விசாலாக்ஷி பேச மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டாள். அவரே சொன்னார். சுருக்கமாக, ஒளிக்காமல்.

லைனில் கடல் இரைந்தது.

"அப்பா, அந்த மனுஷன் செத்து எத்தனை வருஷம் ஆச்சு?"

"இருநூறு இருக்கும்."

"அவர் பேரு கெடக்கூடாதுன்னு நான் இங்கயே இருக்கணுமா?"

"ஆமாம்மா."

மறுபடி இரைச்சல். அழுகிறாளா என்று தெரியவில்லை. "நான் கேட்டதுக்கு இல்லைன்னாவது சொல்லியிருக்கலாம்பா" என்றாள். லைன் போய்விட்டது. அவளே வைத்தாளா, நேரம் முடிந்ததா என்றும் தெரியவில்லை.

ரிசீவரை வைத்துவிட்டு ராமசுப்ரமணியன் திரும்பினார். சின்ன ஹாலில் சோபாவுக்கு இடமில்லாமல் இரண்டு தங்க நாற்காலிகள், ஜன்னலைப் பார்த்து. பதினாலு மாசத்தில் அவற்றில் அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. வேலையில் இருக்கும் சாமானில் உட்காரக்கூடாது என்பது பழக்கம். இப்போது வேலை இல்லை.

உட்கார்ந்தார். கைப்பிடியில் கையை வைத்தார். முதுகு மெதுவாகப் பின்னால் சாய்ந்தது.

விசாலாக்ஷி சமையலறை வாசலில் நின்றாள். கண் சிவந்திருந்தது. நான்கு நாளாக வேண்டியதற்கு மட்டும் பேசுகிறவள்.

"என்ன சொன்னா?"

சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார்.

அவள் உள்ளே போனாள். காபியோடு திரும்பி வந்தாள். அவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு அடுத்த நாற்காலியில், நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"சிந்திடாதீங்க" என்றாள். "புளிப் பசை. தண்ணி பட்டா விட்டுரும்."

"சரி."

"வக்கீலுக்கு நாளைக்கு ஃபோன் பண்ணுங்க. முதல்லேர்ந்து ஆரம்பிக்க என்ன வழின்னு கேளுங்க."

"பண்றேன்" என்றார் ராமசுப்ரமணியன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.